தொழுகை வானத்திடம் கேட்ட கேள்விகள்

நபிகள் நாயகத்தின் (ஸல்) மகன் இப்ராஹீம் இரண்டு வயதுகூட நிறையாமல் மதீனாவில் இறந்துபோனார். அதே நாளில் சூரியனைக் கிரகணம் பிடித்தது. நாயகத்தின் துக்கத்தில் வானமும் பங்கெடுக்கிறது என்று மக்கள் பேசத் தொடங்கினார்கள். ஒரு சமயத் தலைவரின் மதிப்பை உயர்த்த இதைவிடத் தோதான சந்தர்ப்பம் வாய்க்காது. அவர் பேசாமல் இருந்திருந்தாலே போதும். ஆனால் மகனைப் பறிகொடுத்த அந்தத் தகப்பன் மக்களை அழைத்து, சூரியனும் சந்திரனும் இறைவனின் அத்தாட்சிகள் என்றும், யாருடைய மரணத்துக்காகவும் யாருடைய வாழ்வுக்காகவும் அவற்றைக் கிரகணம் பிடிப்பதில்லை என்றும் விளக்கினார். கிரகணம் விலகும்வரை தொழவும் சொன்னார். வானியல் கணக்கின் துணையோடு அந்த நாளை 632 ஜனவரி 27 என்று வரலாற்றாய்வாளர்கள் பொதுவாகக் குறிக்கிறார்கள்.

இஸ்லாமிய ஆன்மிகத்தையும் அறிவியலையும் சேர்த்துப் பேச வருபவர்கள் இந்த நிகழ்ச்சியிலிருந்து தொடங்கினால் நல்லது என்பது என் எண்ணம். வானத்தில் நடப்பது வியப்புக்கும் வணக்கத்துக்கும் உரியது. ஆனால் அந்த வியப்பு, ஒரு பொய்யான காரணத்தை ஏற்றுக்கொள்வதற்கான அனுமதி ஆகிவிடாது. மகனின் மரணத்தோடு கிரகணத்தை முடிச்சுப்போட மறுத்த அதே வாய்தான் எழுந்து தொழுங்கள் என்றும் சொன்னது.

நாலரை நூற்றாண்டுக்கு மேல் கழித்து இமாம் கஸ்ஸாலி இதே கிரகணத்துக்குத் திரும்பி வந்தார். தத்துவவாதிகளை மறுத்து அவர் எழுதிய தஹாஃபுத் நூலின் தொடக்கத்திலேயே ஓர் எச்சரிக்கை உண்டு. சூரியனுக்கும் பூமிக்கும் இடையே சந்திரன் வருவதால் சூரிய கிரகணம் உண்டாகிறது என்பது கணிதத்தால் நிறுவப்பட்ட செய்தி. மார்க்கத்தின் பெயரால் அதை மறுப்பவர் மார்க்கத்துக்கே கேடு செய்கிறார் என்பது அதன் சாரம். கிரகணம் பிடிக்கும் நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே சொல்லக்கூடியவர்களிடம் போய், உன் கணக்கு மார்க்கத்துக்கு விரோதம் என்றால், அவர்கள் சந்தேகிக்கப்போவது கணக்கையல்ல, மார்க்கத்தைத்தான் என்று அவர் கணித்தார். கஸ்ஸாலிதான் முஸ்லிம் உலகில் அறிவியலை முடக்கினார் என்ற குற்றச்சாட்டு இன்றும் மேடைகளில் ஒலிக்கிறது. அந்தச் சில பக்கங்களைப் படித்தவர்கள் அவ்வளவு எளிதாக அப்படிச் சொல்ல மாட்டார்கள். அவருக்குப் பின் இரண்டரை நூற்றாண்டு கழித்து டமாஸ்கஸில் நடந்ததைப் பார்க்கும்போது அந்தக் குற்றச்சாட்டு மேலும் வலுவிழக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில், இன்று பரவலாக இருக்கும் வேறொரு போக்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 1976இல் மோரிஸ் புகாய் என்ற பிரெஞ்சு மருத்துவர் பைபிளையும் குர்ஆனையும் நவீன அறிவியலோடு ஒப்பிட்டு ஒரு நூல் எழுதினார். அது பல மொழிகளில் பெயர்க்கப்பட்டு முஸ்லிம் உலகெங்கும் பரவியது. பெருவெடிப்பு இந்த வசனத்தில் இருக்கிறது, விரியும் பிரபஞ்சம் அந்த வசனத்தில் இருக்கிறது, கருவின் வளர்ச்சி மற்றொன்றில் இருக்கிறது என்று எடுத்துக்காட்டும் பாணி அதன்பின் ஒரு தனித் துறையாகவே வளர்ந்துவிட்டது. இந்தப் பேச்சின் பின்னாலுள்ள அன்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. தன் வேதம் இந்தக் காலத்திலும் தலைநிமிர்ந்து நிற்க வேண்டும் என்று ஓர் இளைஞன் ஏங்குவது நியாயமான ஏக்கம். ஆனால் தேர்ந்தெடுத்த வழி ஆபத்தானது. எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இஸ்லாமிய வரலாற்றிலேயே சான்று இருக்கிறது.

குர்ஆன் ஏழு வானங்களைப் பற்றிப் பேசுகிறது. இடைக்கால அறிஞர்கள் பலர் அதைத் தங்கள் காலத்து வானியலோடு பொருத்தினார்கள். கிரேக்க அறிஞர் தாலமியின் அமைப்பில் பூமியைச் சுற்றிச் சந்திரன், புதன், வெள்ளி, சூரியன், செவ்வாய், வியாழன், சனி என ஏழு கோள்களுக்கு ஏழு உருண்டைக் கூடுகள். எண்ணிக்கை அச்சாகப் பொருந்தியது. விண்மீன்களின் கூட்டையும் அதற்கு அப்பாலுள்ள கூட்டையும் குர்ஆன் சொல்லும் இறைவனின் குர்ஸியோடும் (பீடம்) அர்ஷோடும் (அரியணை) சேர்த்தபோது ஒன்பதும் நிரம்பிவிட்டன. அன்றைய மிக உயர்ந்த அறிவியல் வேதத்தை மெய்ப்பித்துவிட்டதாகவே தோன்றியிருக்கும். பிறகு பூமி நடுவிலிருந்து நகர்ந்தது, கூடுகள் உடைந்தன, யுரேனஸும் நெப்டியூனும் வந்து சேர்ந்தன. வேதத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை அந்தக் காலத்து அறிவியலோடு இறுக்கிக் கட்டிய விளக்கங்கள்தான் சரிந்தன. கிரானடாவின் இமாம் ஷாத்திபி 14ஆம் நூற்றாண்டிலேயே, எல்லா அறிவுத்துறைகளையும் குர்ஆனுக்குள் தேடும் பழக்கத்தை மறுத்து எழுதினார். நம் காலத்தில் அல்ஜீரிய வானியற்பியலாளர் நிதால் கஸ்ஸூம் அதே மறுப்பை அறிவியலின் பக்கமிருந்து வைக்கிறார். வசனத்துக்குப் பொருந்தும் கண்டுபிடிப்பு எப்போதும் வேறு யாரோ வேறெங்கோ கண்டுபிடித்த பின்னரே நம் கண்ணில் படுகிறது என்பதை ஒருமுறை நினைத்துப் பார்த்தால், இந்த முறையில் தேடலே இல்லை என்பது விளங்கும்.

தேடல் இருந்த இடம் வேறு. அது தொழுகைக்குள் இருந்தது.

ஐந்து வேளைத் தொழுகை, மக்காவை நோக்கும் கிப்லாத் திசை, மாதத்தைத் தொடங்கும் பிறை ஆகிய மூன்றும் முஸ்லிமின் அன்றாடத்தில் மிகச் சாதாரணமானவை. மூன்றுமே வானத்தைப் பார்க்காமல் நிறைவேறாதவை. எப்போது தொழுவது என்ற கேள்விக்கு மார்க்கம் மணி எண்ணைத் தரவில்லை. நிழலையும் அந்தியையும் காட்டியது. அஸர் வக்தை, அதாவது பிற்பகல் தொழுகையின் நேரத்தை, எடுத்துக்கொள்வோம். நடுப்பகல் நிழலை நீக்கிவிட்டு, ஒரு பொருளின் நிழல் அதன் உயரத்துக்குச் சமமாக நீளும்போது அஸர் தொடங்குகிறது என்பது ஷாஃபி மத்ஹபின் (சட்டப்பள்ளியின்) நிலை. இரு மடங்காக வேண்டும் என்பது இமாம் அபூ ஹனீஃபாவின் நிலை. ஏப்ரல் இறுதியில் சென்னையில் நடுப்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. அன்று உச்சிப்பொழுதில் கம்புக்கு நிழலே இராது. ஒரு முழக் கம்பை நட்டு வைத்தால், சூரியன் 45 பாகைக்கு இறங்கும்போது, அதாவது மாலை 3 மணி 12 நிமிட அளவில், நிழல் ஒரு முழமாகும். இரண்டு முழம் ஆக 4 மணி 28 நிமிடம் வரை காத்திருக்க வேண்டும். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடலோர ஊர்களில் ஷாஃபி பள்ளிவாசலின் அஸர் பாங்குக்கும் உள்நாட்டு ஹனஃபி பள்ளிவாசலின் அஸர் பாங்குக்கும் இடையே உள்ள ஏறக்குறைய ஒரு மணி நேர வித்தியாசத்தின் பின்னே இந்தக் கோணக் கணக்கு நிற்கிறது. பாங்கு சொல்லும் மோதினாருக்கு இப்போது கைபேசி போதும். அச்சிட்ட அட்டவணை இல்லாத காலத்தில் ஒவ்வோர் ஊருக்கும், ஒவ்வொரு நாளுக்கும் இதை யாரோ கணக்கிட்டாக வேண்டியிருந்தது.

வைகறைத் தொழுகையான சுபுஹுவும் இரவுத் தொழுகையான இஷாவும் இதைவிடக் கடினம். சூரியன் கண்ணுக்குத் தெரியாதபோது அது அடிவானத்துக்கு எவ்வளவு கீழே இருக்கிறது என்று அறிய வேண்டும். 11ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் ஜையான் நகரைச் சேர்ந்த இப்னு முஆத் அந்தியொளியைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். சூரியன் சுமார் 18 பாகை கீழே இருக்கும்போது முதல் வெளிச்சம் தென்படுகிறது என்பதை எடுத்துக்கொண்டு, அந்த வெளிச்சத்தை நம்மிடம் திருப்பியனுப்பும் காற்றும் ஆவியும் எந்த உயரம்வரை இருக்க வேண்டும் என்று வடிவியலால் கணக்கிட்டார். ஏறக்குறைய 52 மைல் என்று விடை கிடைத்தது. வளிமண்டலத்துக்குக் கூர்மையான எல்லை கிடையாது என்று இன்று நாம் அறிவோம். ஆனாலும் தரையில் நின்றுகொண்டு, வைகறைத் தொழுகைக்கு உரிய அதே வெளிச்சத்தை வைத்துக் காற்றின் உயரத்தைக் கேட்டாரே, அந்தத் துணிவை எண்ணி எண்ணி மகிழலாம்.

கிப்லாவின் கதையில் அல்பிரூனியைத் தவிர்க்க முடியாது. 973இல் குவாரஸ்மில் பிறந்தவர். 1017இல் கஜினி முகமது அந்நாட்டைப் பிடித்தபோது கஜினிக்குக் கொண்டுவரப்பட்டவர். தன் விருப்பத்தைக் கேட்காமல் பெயர்க்கப்பட்ட அந்த வாழ்க்கையில், நகரங்களின் ஆயத்தொலைகளை நிர்ணயிப்பது பற்றிய பெருநூல் ஒன்றை அவர் எழுதினார். கஜினியிலிருந்து மக்கா எந்தத் திசையில் இருக்கிறது என்பது அந்த நூலை நடத்திச் செல்லும் கேள்விகளில் முக்கியமானது. 1018இல் காபூலுக்கு அருகே ஒரு சிற்றூரில் கருவி எதுவும் கையில் இல்லாத நிலையில், கணக்குப் பலகையின் பின்புறம் வட்டவில் ஒன்றை வரைந்து, தூக்குக்குண்டு கட்டி, சூரியனின் உயரத்தை அளந்ததை அவரே பதிவு செய்திருக்கிறார். கருவி இல்லை என்பதற்காக அன்றைய அளவீட்டை அவர் விட்டுவிடவில்லை.

இன்றைய பாகிஸ்தானின் உப்புமலைத் தொடரிலுள்ள நந்தனா கோட்டையில் அவர் செய்தது இன்னும் பெரிய காரியம். முதலில் மலையின் உயரத்தை இரு கோணங்களால் கணக்கிட்டார்: சுமார் 652 முழம். பிறகு உச்சியில் நின்று, விரிந்து கிடந்த சமவெளியின் அடிவானத்தைப் பார்த்தார். பூமி உருண்டையாக இருப்பதால் அடிவானம் கண்மட்டத்துக்குச் சற்றுக் கீழே தெரியும். அவருக்குக் கிடைத்த இறக்கம் 34 கலை, அதாவது முழுநிலவின் அகலத்தைவிடச் சற்றே அதிகம். இந்த இரண்டு எண்களிலிருந்தே பூமியின் ஆரத்தைச் சுமார் 1 கோடியே 28 லட்சம் முழம் என்று வருவித்தார். இது நவீன அளவுக்கு இத்தனை விழுக்காடு நெருக்கம் என்று பெருமையோடு சொல்லப்படும் கணக்குகளை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அவருடைய முழம் எவ்வளவு நீளம் என்பதைப் பொறுத்து அந்த விழுக்காடு மாறும். காற்று ஒளியை வளைப்பதும் கோணத்தைக் கெடுக்கும். வியக்க வேண்டியது முறையைத்தான். பாலைவனத்தில் நாள்கணக்காக நடந்து தொலைவை அளக்காமல், ஒரு மலையும் ஒரு கோணமும் கொண்டு பூமியை அளக்கலாம் என்று அவர் காட்டினார்.

நிழல்களைப் பற்றிய தன் நூலில் பிரூனி ஒரு சம்பவம் சொல்கிறார். தொழுகை நேரம் காட்டும் ஒரு கருவியைப் பள்ளிவாசலில் பயன்படுத்த ஒருவர் மறுத்தார், அதில் ரோமர்களின் மாதப் பெயர்கள் பொறிக்கப்பட்டிருந்தன என்பதற்காக. ரோமர்களும் சாப்பிடுகிறார்கள், அதிலும் அவர்களைப் பின்பற்றாமல் இருந்துகொள்ளுங்கள் என்ற பொருளில் பிரூனி பதில் தந்தார். அந்நிய அறிவு என்று ஒதுக்குவோருக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சொல்லப்பட்ட பதில் அது.

கிப்லாவைத் தமிழ்நாட்டில் மேற்கு என்றே சொல்லிப் பழகிவிட்டோம். உருண்டையின் மேல் மிகக் குறுகிய வழியைக் கணக்கிட்டால், சென்னையில் அது நேர் மேற்கிலிருந்து சுமார் 18 பாகை வடக்கே விலகுகிறது. காயல்பட்டினத்தில் ஏறக்குறைய 24 பாகை. கணக்கை நம்பாதவர்கள் சூரியனையே கேட்கலாம். மே 28ஆம் தேதியை ஒட்டியும் ஜூலை 16ஆம் தேதியை ஒட்டியும் சூரியன் கஅபாவின் நேர் உச்சிக்கு வருகிறது. இந்திய நேரப்படி மே மாதத்தில் பிற்பகல் 2 மணி 48 நிமிடம், ஜூலையில் 2 மணி 57 நிமிடம். அந்த நேரத்தில் தமிழ்நாட்டில் எந்த ஊரில் நின்றாலும் சூரியன் இருக்கும் திசைதான் கிப்லா. நிலைக்குத்தாக ஒரு கம்பை நட்டால், நிழலுக்கு நேர் எதிர்ப்பக்கம்.

இவையெல்லாம் வெறும் கணக்குத்தானே, ஆன்மிகம் எங்கே வந்தது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பஸ்ராவில் பிறந்து 9ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த ஸூஃபி ஹாரிஸ் அல்முஹாஸிபி, தன்னைத்தானே கணக்குக் கேட்பதை ஆன்மிகப் பயிற்சியின் நடுவில் வைத்தவர். செய்த நற்செயலுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் புகழாசையைத் துருவித் தேடச் சொன்னவர். அதே பஸ்ராவில் சுமார் 965இல் பிறந்தவர் இப்னு ஹைதம். இவரும் கிப்லா பற்றி நூல் எழுதியவர்தான். ஆனால் உலகம் இவரை அறிவது ஒளியியலால். கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுகிறது என்ற பழைய கொள்கையை, கூசும் ஒளி கண்ணை நோகச் செய்வது போன்ற எளிய சான்றுகளில் தொடங்கிப் படிப்படியாகத் தகர்த்தார். தாலமியின்மீது அவர் எழுப்பிய ஐயங்களின் நூலில், உண்மையைத் தேடுபவன் தான் படிக்கும் எல்லாவற்றையும் எதிரியைப் போல் விசாரிக்க வேண்டும் என்கிறார். அப்படி விசாரிக்கும் தன்னையும் சேர்த்தே சந்தேகிக்க வேண்டும் என்கிறார். முஹாஸிபியை அவர் படித்து எழுதினார் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் தன் மனம் தன்னை ஏமாற்றும் என்ற விழிப்பு இருவருக்கும் பொது. ஸூஃபி அதைத் தன் நிய்யத்தில் (எண்ணத்தில்) பார்க்கிறார், அறிஞர் தன் முடிவில் பார்க்கிறார். அறிவியலும் ஆன்மிகமும் உண்மையாகவே கைகோக்கும் இடம் இந்த விழிப்புதான் என்று நான் நம்புகிறேன். திக்ரு (இறைநினைவு) செய்பவரின் மூளையைப் படம் பிடித்து இரண்டையும் இணைக்க முயல்வோர் உண்டு. மூளையில் எங்கே ரத்த ஓட்டம் கூடியது என்பதை அந்தப் படம் சொல்லும். அவர் யாரை நினைத்தார், அந்த நினைவு மெய்யா என்பதை அது சொல்லாது.

1979இல் இயற்பியல் நோபல் விருந்தில் அப்துஸ் சலாம் பேசியபோது சூரா முல்கின் வசனங்களைச் சொன்னார். இறைவனின் படைப்பில் குறை உண்டா என்று மீண்டும் மீண்டும் பார்க்கச் சொல்லும் வசனங்கள் அவை. சலாம் ஆழ்ந்த மார்க்கப் பற்றுள்ளவர். அவரோடு பரிசைப் பகிர்ந்த ஸ்டீவன் வைன்பெர்க் வெளிப்படையான நாத்திகர். மின்காந்த விசையும் அணுக்கருவின் மென்விசையும் ஒன்றே என்ற முடிவுக்கு இருவரும் தனித்தனியே வந்தார்கள். சமன்பாடு ஒன்றாகவே இருந்தது. விடையை வசனத்திலிருந்து எடுத்ததாகச் சலாம் சொல்லவில்லை. படைப்பில் ஒழுங்கு இருக்கும், பார்க்கப் பார்க்க அது தெரியும் என்ற உறுதியை அவர் வசனத்திலிருந்து பெற்றார். அந்த ஒழுங்கு எப்படிப்பட்டது என்பதைக் கணிதத்தாலும் சோதனையாலும் தேடினார்.

இனி டமாஸ்கஸ். உமையாப் பெரிய பள்ளிவாசலில் முவக்கித், அதாவது தொழுகை நேரம் கணிப்பவர், என்ற பதவி இருந்தது. 14ஆம் நூற்றாண்டில் அதை வகித்தவர் இப்னு ஷாத்திர். 1371ஐ ஒட்டி அந்தப் பள்ளிவாசலின் மினாராவுக்காக அவர் செதுக்கிய பெரிய சூரியக் கடிகாரத்தின் பகுதிகள் இன்றும் இருக்கின்றன. அவர் தாலமியின் சந்திரக் கணக்கில் ஒரு பெரிய ஓட்டையைப் பார்த்தார். அந்தக் கணக்குப்படி அரைநிலா நாளில் சந்திரன் பூமிக்கு ஏறக்குறைய பாதித் தொலைவுக்கு நெருங்கி வர வேண்டும். அப்படியானால் அது இரு மடங்கு பெரிதாகத் தெரிய வேண்டும். அப்படித் தெரிவதில்லை என்பது மாடு மேய்ப்பவருக்கும் தெரியும். இப்னு ஷாத்திர் வேறு சிறு வட்டங்களை அமைத்து அந்தக் குறையைத் தீர்த்தார். 1543இல் வெளியான கோப்பர்நிக்கஸின் நூலில் உள்ள சந்திர அமைப்பு கணித அளவில் அதேதான் என்பதை 1957இல் விக்டர் ராபர்ட்ஸ் எடுத்துக்காட்டினார். அந்தக் கருத்து எந்த வழியாகப் போலந்து சென்றது, சென்றதா என்பதில் வரலாற்றாய்வாளர்களுக்குள் இன்னும் வழக்கு இருக்கிறது. பள்ளிவாசலில் வக்து பார்த்தவர் சந்திரனைத் திருத்தி எழுதினார் என்பதில் வழக்கு இல்லை.

அதே நகரில் அதே காலத்தில் தலைமை காழியாக (மார்க்க நீதிபதியாக) இருந்தவர் ஷாஃபி இமாம் தகிய்யுத்தீன் சுப்கி. பிறை பார்த்ததாகச் சாட்சிகள் வருகிறார்கள். அன்று பிறை தெரியவே வாய்ப்பில்லை என்று கணக்குத் திட்டவட்டமாகச் சொல்கிறது. என்ன செய்வது? சாட்சியத்தைத் தள்ளுபடி செய்ய வேண்டும் என்றார் சுப்கி. கணக்கு உறுதியானது, சாட்சியம் தவறக்கூடியது, தவறக்கூடியதைக் கொண்டு உறுதியானதை வீழ்த்த முடியாது என்பது அவர் வாதம். பெரும்பாலான அறிஞர்கள் கண்ணால் பார்ப்பதையே அடிப்படையாகக் கொண்டார்கள். மேய்ப்பனுக்கும் மரக்கலக்காரனுக்கும் எட்டும் மார்க்கமாக இருக்க வேண்டும் என்ற அக்கறை அதில் உண்டு, அதை மதிக்கிறேன். சுப்கி கண்ணை ஒதுக்கிவிடவில்லை, முடியாததைப் பார்த்ததாகச் சொல்லும் கண்ணைத்தான் ஏற்க மறுத்தார். 1939இல் எகிப்தின் ஹதீஸ் அறிஞர் அஹ்மத் ஷாகிர் இன்னும் ஓரடி முன்னே போய், மாதத் தொடக்கத்துக்குக் கணக்கே போதும் என்று எழுதினார்.

ரமளான் நெருங்கினால் தமிழ்நாட்டில் இந்த வழக்கு வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறது. ஒரே ஊரில், சில நேரம் ஒரே குடும்பத்தில், இரண்டு நாள்களில் பெருநாள் கொண்டாடுகிறார்கள். உள்ளூர்ப் பிறையா உலகப் பிறையா என்பது மார்க்கச் சட்டத்தின் கேள்வி. அதை வானியல் தீர்க்காது. தீர்க்கக்கூடியதை மட்டும் அதனிடம் கேட்கலாம். அமாவாசைக்குப் பிறகு சந்திரன் சூரியனைவிட்டு மணிக்குச் சுமார் அரைப் பாகை விலகுகிறது. இடைவெளி ஏழு பாகையை எட்டும்வரை வெறுங்கண்ணுக்குப் பிறை தெரியாது என்று 1930களில் பிரெஞ்சு வானியலாளர் ஆந்த்ரே தாஞ்சோன் கண்டார். சந்திரன் சூரியனுக்கு முன்பே மறைந்துவிட்ட மாலையிலும், இரண்டும் சேர்ந்து சில மணி நேரமே ஆன மாலையிலும் பிறை கண்டதாக வரும் தகவல் எவ்வளவு நல்ல மனிதரிடமிருந்து வந்தாலும் பிழைதான். வெள்ளிக்கோளோ, மேகத்தின் ஒரு கீற்றோ, விமானம் விட்டுப்போன புகைக்கோடோ அவர் கண்ணில் பட்டிருக்கலாம். இதன் மறுபக்கமும் உண்டு. 2013 ஜூலை 8 அன்று தியெரி லெகோ என்ற பிரெஞ்சுக்காரர் அமாவாசை நிகழ்ந்த அதே கணத்தில், பட்டப்பகலில், அகச்சிவப்புக் கேமராவால் பிறையைப் படமெடுத்துக் காட்டினார். அதைப் பார்த்தல் என்று கொள்வதா வேண்டாமா என்பதற்கு எந்த இயற்பியல் நூலிலும் பதில் கிடையாது. மார்க்க அறிஞர்கள்தான் உட்கார்ந்து பேச வேண்டும்.

பழைய காழிகள் பிறைச் சாட்சியை விசாரிக்கத் தெரிந்தவர்கள். சூரியன் மறைந்த இடத்துக்கு வலப்புறமா இடப்புறமா, எத்தனை விரல் உயரத்தில், முனைகள் எந்தப் பக்கம் நோக்கியிருந்தன, எவ்வளவு நேரம் தெரிந்தது என்று நாமும் கேட்கலாம். இவற்றுக்கெல்லாம் அன்றைய மாலைக்குரிய சரியான விடையை ஊர்வாரியாக இன்று முன்கூட்டியே கணக்கிட்டு வைக்க முடியும். பிறை அறிவிப்போடு அந்தக் கணக்கையும், ஏற்கப்பட்ட சாட்சியத்தின் விவரத்தையும் சேர்த்து வெளியிட்டால் மக்களே ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வார்கள். அந்தக் கேள்விகளைக் கேட்கத் தெரிந்த ஆலிம்களை உருவாக்க, மதரஸாப் பாடத்திட்டத்தில் வக்தும் கிப்லாவும் கணிக்கும் கலைக்கு வாரம் சில மணி நேரம் ஒதுக்கினாலே போதும். சுப்கி காழியாக இருந்த டமாஸ்கஸில் அந்தக் கலை பள்ளிவாசலுக்குள்ளேயே செழித்திருந்தது.